மிட்டாய் கரையும் வரை

“...அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன். முப்பது வருஷமா ஒரே நாற்காலி, ஒரே இடம். வாசல்ல நுழையறவங்க முதல்ல பாக்கறது என் மூஞ்சியை, அதுக்கப்புறம்தான் மெத்தையை. இப்ப என்னடான்னா, ஒண்ணாம் தேதியிலருந்து என் நாற்காலி குடோனுக்குப் போகுதாம். வெளியாள் எவனாவது சொல்லியிருந்தா நாலு வார்த்தை நல்லாக் கேட்டு அனுப்பியிருப்பேன். பெத்த பொண்ணு சொல்றா தம்பி. குடோன் எங்கன்னு தெரியுதா? அதோ, அந்தக் கதவுக்குப் பின்னாடி. மெத்தையா அடுக்கி வெச்சிருக்கோம். மெத்தைகிட்ட நான் என்னத்தப் பேசறது? அது ‘ம்’ கொட்டுமா? உள்ள வாங்க, ஏன் வாசப்படியிலயே நிக்கறீங்க. நின்னுக்கிட்டே மெத்தை வாங்கினவங்க யாராவது உண்டா?”

வாசற்படியில் நின்றவர் தயங்கி உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், மழிக்காத தாடை, சட்டைக் கையின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ தூள். வந்ததும் “ஐயா, எனக்கு ஒரு...” என்று ஆரம்பித்தவர்தான். அதற்குள் மெத்தைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டுவிட்டார். அந்தத் தெருவில் கடைக்காரருக்கு ரேடியோ என்று பெயர். அவருக்கும் அது தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தூக்கம் வரல, அவ்வளவுதானே? நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம், கண்ணே சொல்லுது. சட்டையில சாக்பீஸ் தூள் வேற. வாத்தியார். சரிதானே? பாத்ததும் கண்டுபிடிச்சுடுவேன் நான். பகல் முழுக்க அம்பது பசங்க போடற கூச்சலைக் கேட்டா ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? படுத்தாலும் காதுக்குள்ள கத்திக்கிட்டே இருப்பானுங்க.”

வந்தவர் தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார். “இல்லைங்க, இது வந்து...”

“சரி, ட்யூஷன் வாத்தியார். எல்லாம் ஒண்ணுதான். செருப்பைக் கழட்டிட்டு இதுல படுங்க. இது நார் மெத்தை. கட்டியா இருக்கும், முதுகுக்கு நல்லது. காலை நல்லா நீட்டுங்க. அந்த பிளாஸ்டிக் விரிப்பு அதுக்குத்தான் போட்டிருக்கு. எங்க விட்டேன்? ஆங், பொண்ணு. எம் பொண்ணைப் பத்தித் தப்பா நினைச்சுடாதீங்க. கெட்டிக்காரி. ரெண்டு வருஷமா கடையை அவதான் பாத்துக்கறா. கணக்கு, சரக்கு, லாரி எல்லாம் அவ. பேசறது மட்டும் நான். அதுலயும் இப்ப கை வெச்சுட்டா. இந்த டப்பாவைப் பாருங்க.”

மேஜை மேலிருந்த தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வட்ட வட்டமாகப் புதினா மிட்டாய்.

“இது சட்டம் தம்பி. கஸ்டமர் உள்ள வந்ததும் நான் ஒரு மிட்டாயை எடுத்து வாயில போட்டுக்கணும். அது கரையற வரைக்கும் பேசக் கூடாது. அவங்கதான் பேசணும். கரைஞ்சதுக்கப்புறம் நான் ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். ஒரே ஒரு கேள்வி. அப்புறம் அடுத்த மிட்டாய். கோர்ட்டுல கூண்டுல நிக்கறவனைக்கூட இதைவிட அதிகமாப் பேச விடுவாங்க. நானும் மனசு வெச்சுத்தான் போட்டுக்கறேன். ஆனா வந்தவங்க ‘இந்த மெத்தை’ன்னு ஆரம்பிச்ச உடனே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து நின்னுக்கும். கடக். கடிச்சுடுவேன். நான் எங்க கடிக்கறேன், பல்லு கடிக்குது. போன வாரம் அப்படிக் கடிச்சதுல கடைவாய்ப் பல்லு பாதி போச்சு. பல்லு போனா போகுதுன்னு பேச ஆரம்பிச்சேன் பாருங்க, வந்த அம்மா பயந்துட்டாங்க. வாயிலருந்து மிட்டாய் துண்டு எது, பல்லு துண்டு எதுன்னு அவங்களுக்குத் தெரியல.”

படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். “இது கொஞ்சம் கட்டியா...”

“கட்டியா இருக்கா? அதைத்தான் சொல்ல வந்தேன். அடுத்ததுக்கு வாங்க. இது ஸ்பிரிங். புரண்டு படுங்க. கேக்குதா? சத்தமே வராது. இந்த மிட்டாய் எங்கிருந்து வந்ததுன்னு கேக்கறீங்களா?”

அவர் கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு மாறிப் புரண்டு படுத்தார்.

“ஒரு வகுப்பு தம்பி. வியாபாரத்துல காது கொடுத்துக் கேக்கறது எப்படின்னு ஒரு நாள் வகுப்பு. பொண்ணு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. அங்க கேட்டதை வெச்சுத்தான் இந்த மிட்டாய்ச் சட்டத்தைப் போட்டா. கண்ணாடி ரூம், ஜில்லுனு ஏசி, மேஜைக்கு மேஜை தண்ணி பாட்டில். நடத்தினவர் கோட்டுப் போட்டவரு. காலையில ஆரம்பிச்சாரு, ‘பேச்சைக் குறைங்க, கேட்டுப் பழகுங்க’ன்னு. சாயங்காலம் வரைக்கும் அவருதான் பேசினாரு. நடுவுல ஒரு சந்தேகம் கேக்கலாம்னு கையைத் தூக்கினேன். ‘கடைசியில கேளுங்க’ன்னாரு. கடைசியில டீயைக் கொடுத்து அனுப்பிட்டாரு. எனக்குக் கோவமே வரல. பேசத் தெரிஞ்ச மனுஷன். அவரை மெத்தைக் கடையில உக்கார வெச்சா பிச்சு உதறுவாரு.

“மத்தியானம் ஒரு பயிற்சி. ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். ஒருத்தர் மூணு நிமிஷம் பேசணும், இன்னொருத்தர் குறுக்க பேசாம கேக்கணும். எனக்கு வாய்ச்சது யாருங்கறீங்க? பல் டாக்டர். அவரு பேசிப் பேசியே பழகினவரு. எதிர்ல இருக்கறவன் வாயைப் பொளந்துக்கிட்டுப் பதில் சொல்ல முடியாமக் கிடப்பான். என் கதை உங்களுக்குத் தெரியும். மணி அடிச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முடிச்சோம். அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது, நான் என்ன சொன்னேன்னு அவருக்குத் தெரியாது. ரொம்ப நல்ல மனுஷன். போன வாரம் மிச்சமிருந்த பாதிப் பல்லோட அவர்கிட்டத்தான் போனேன். அங்கயும் அவருதான் பேசினாரு.”

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு, கடைக்காரர் ஒரு தலையணையை எடுத்துப் படுத்திருந்தவரின் கழுத்துக்கு அடியில் செருகினார். வந்தவர் “தேங்க்ஸ்” என்றார். அது ஒன்றுதான் அவரால் முழுதாகச் சொல்ல முடிந்த வார்த்தை.

“அந்த வகுப்புல இன்னொண்ணு சொன்னாங்க. கஸ்டமர் சொன்னதையே நாம திருப்பிச் சொல்லணுமாம். அப்பத்தான் நாம கேக்கறோம்னு அவங்களுக்குத் தெரியுமாம். சரி, செஞ்சு பாப்போம்னு இருந்தேன். மறுநாளே ஒரு அம்மா வந்தாங்க. ‘எனக்கு முதுகு வலி’ன்னாங்க. நான், ‘உங்களுக்கு முதுகு வலி’ன்னேன். ‘ஆமாங்க, ரொம்ப நாளா’ன்னாங்க. ‘ரொம்ப நாளா’ன்னேன். ‘குனிய முடியல’ன்னாங்க. ‘குனிய முடியல’ன்னேன். அந்த அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘என்ன, கேலி பண்றீங்களா’ன்னு கேட்டாங்க. நான் சட்டப்படி, ‘கேலி பண்றேன்’னு சொன்னேன். போயிட்டாங்க. இதுல என் தப்பு என்ன இருக்கு? சொல்லுங்க.”

வந்தவர் வாயைத் திறந்தார்.

“அதேதான். ஒரு தப்பும் இல்லை. அதுக்கு அடுத்து புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு. அந்தப் பையனுக்குக் கட்டி மெத்தை வேணுமாம், பொண்ணுக்கு மெத்துனு வேணுமாம். ரெண்டு பேரும் லேசா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்க. சின்னஞ்சிறுசுங்க, நல்லது சொல்லுவோம்னு நான் எங்க கல்யாணக் கதையை எடுத்தேன். எங்க வீட்டுக்காரிக்குக் காத்தாடி ஓடணும், எனக்கு ஓடக் கூடாது. அதுல ஆரம்பிச்சு, அவ கோவிச்சுக்கிட்டு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போனது, நான் போய்க் கூட்டிட்டு வந்தது, அண்ணன் வீட்டுல என்னை வாசல்லயே நிக்க வெச்சது எல்லாம் சொல்லிட்டு வரேன்... பாத்தா ஆளைக் காணோம். எதிர்க் கடையில உக்காந்து ஜூஸ் குடிச்சுக்கிட்டு இருக்காங்க. வேற கடையில மெத்தையும் வாங்கிட்டாங்க. பொண்ணு வந்து கேக்கறா, ‘அப்பா, ஒரு பாதி கட்டி, ஒரு பாதி மெத்துனு ஒரே மெத்தையில நம்மகிட்ட இருக்கே, அதைச் சொன்னீங்களா?’ன்னு. சொல்லத்தான் இருந்தேன். கதை முடியட்டும்னு பாத்தேன்.

“அதுக்கப்புறம்தான் குடோன் பேச்சு. ராத்திரி சாப்பாட்டு மேஜையில ஆரம்பிச்சா. ‘அப்பா, ஒண்ணாம் தேதியிலருந்து உங்க நாற்காலி குடோனுக்குப் போகுது’ன்னா. அவ்வளவுதான். தட்டை நகத்திட்டு எழுந்துட்டேன். பின்னாலயே வந்தா, ஏதோ சொல்லிக்கிட்டு. மாடிப்படி ஏறினேன். கீழ நின்னு சொன்னா. குளியலறையில பூந்து குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டேன். கதவுக்கு வெளிய நின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சொல்லட்டுமே. நாற்காலியைத் தூக்கினதுக்கப்புறம் சமாதானம் எதுக்கு? எங்க வீட்டுக்காரி ஒரு பக்கம், ‘அவ சொல்றதை முழுசாக் கேளுங்களேன்’கறா. முப்பத்தஞ்சு வருஷமா அவளும் இதையேதான் சொல்றா. அதையும் நான் முழுசாக் கேட்டதில்லை.

“இதுக்கு வாங்க தம்பி, இது நுரை மெத்தை. கடையிலயே ஒசத்தி. உடம்பு எப்படி வளையுதோ அப்படி வளைஞ்சு கொடுக்கும். விலையைப் பாக்காதீங்க, கண்ணை மூடிக்கங்க. ஆங், அப்படித்தான்.”

வந்தவர் மூன்றாவது கட்டிலுக்கு மாறிப் படுத்தார். கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மின்விசிறி தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். மனக்குறையைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தானாகத் தாழும்.

“விளையாட்டுக்குச் சொல்றான்னுதான் முதல்ல நினைச்சேன். மறுநாள் பெயிண்டர் வந்து குடோனுக்குப் பின்பக்கத்து ஷட்டரை அளந்துட்டுப் போறான். அதுக்கு மறுநாள் எலக்ட்ரீஷியன். குடோன்ல வரிசையா லைட்டு போடறான். ஜெயில்ல கூட லைட்டு உண்டு தம்பி. வெளிச்சமா வெச்சா மட்டும் ஜெயில் வீடாயிடுமா? நேத்து வாசல்ல ஒரு ஆளு வந்து தெருவுல வெள்ளைக் கோடு போட்டுக்கிட்டு இருந்தான். ஏதோ குழாய், ஏதோ பள்ளம்னு விளக்கம் சொல்ல வந்தான். எங்க தெருவைப் பத்தி எனக்கே விளக்கமா? உக்கார வெச்சு, இந்தத் தெரு முதல்ல எவ்வளவு குறுகலா இருந்தது, எப்ப அகலமாச்சுன்னு நான் அவனுக்கு விளக்கி அனுப்பினேன். பாவம், பாதியில போன் வந்துடுச்சு அவனுக்கு. யாருமே பாதியிலதான் போறாங்க.

“அதான் நானும் ஒரு முடிவு பண்ணினேன். அதோ பாருங்க நாற்காலியை. கால்ல சங்கிலி தெரியுதா? சைக்கிள் சங்கிலி. தூணோட சேத்துப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட, மிட்டாய் டப்பாவுக்குள்ள அடியில. எப்படித் தூக்கிட்டுப் போறான்னு பாக்கறேன். ஆனா பூட்டு போட்டா மட்டும் போதுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. இன்னிக்கு முப்பது. அவ ஏதோ போர்டு விஷயமா வெளிய போயிருக்கா, மத்தியானத்துக்குள்ள வந்துடுவா. அதுக்குள்ள ஒரே ஒரு மெத்தை. மிட்டாய்ச் சட்டப்படி, நான் வாயை மூடிக்கிட்டு, கஸ்டமரைப் பேச விட்டு, ஒரு மெத்தையை வித்துட்டேன்னு வெச்சுக்கங்க. ‘இந்தா பாரு, கேட்டேன், வித்தேன், நாற்காலி இங்கயேதான் இருக்கும்’னு பில்லைக் கையில கொடுத்துடுவேன். அதனால தம்பி, நீங்கதான் மனசு வெக்கணும். நீங்க பேசுங்க, நான் கேக்கறேன். இதோ, மிட்டாய் போட்டுக்கிட்டேன். ம்... ம்... சொல்லுங்க... கடக். பாத்தீங்களா? நானா கடிச்சேன்?

“ஆனா ஒண்ணு தம்பி. இத்தனை நாள்ல உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்லை. என்ன பொறுமை. குறுக்க ஒரு வார்த்தை பேசல. முகத்தைச் சுளிக்கல. மணியைப் பாக்கல. இதுக்குப் பேருதான் கேக்கறது. அந்த கோட்டுக்காரர் உங்களைக் கூட்டிட்டுப் போய் மேடையில உக்கார வெக்கணும். எம் பொண்ணு வந்ததும் உங்களைக் காட்டி...”

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடைக்காரர் நிறுத்தினார். மறுபடி வந்தது. சின்னதாக, சீராக. குறட்டை.

குனிந்து பார்த்தார். வந்தவர் வாய் லேசாகத் திறந்திருக்க அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பலாமா என்று கையை நீட்டியவர், அந்தக் கருவளையங்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். எத்தனை நாள் தூக்கமோ. பேசினால் எழுந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. டப்பாவைச் சத்தம் வராமல் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்திருந்தார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. அது முனகும் என்பதே அவருக்குத் தெரியாது. தெருமுனையில் ஏதோ இயந்திரம் தரையை இடித்துக்கொண்டிருந்தது. தலையணை உறை விலை கேட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் உதட்டின் மேல் விரலை வைத்தார். ரேடியோ தன் வாயின் மேலேயே விரல் வைப்பதைப் பார்த்த அந்த ஆள், ஏதோ விபரீதம் என்று நினைத்துக்கொண்டு பின்வாங்கிப் போய்விட்டார். மிட்டாய் நாக்கில் மெலிந்து, ஓரம் கூராகி, பிறகு தாளைப் போல் ஆகி, பிறகு இல்லாமலே போனது. கடிக்காமல் கரைந்த முதல் மிட்டாய். முழு மிட்டாய் இவ்வளவு நேரம் வரும் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்ததைப் போட்டுக்கொண்டார். அதுவும் கரைந்து முடிகிற நேரத்தில் வந்தவர் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் கூரையைப் பார்த்தார். பிறகு பதறி எழுந்து உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கங்கய்யா. தூங்கிட்டேன். ஒரு மாசம் ஆச்சு இப்படித் தூங்கி.” மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். “இதையே கொடுத்துடுங்க. விலை எவ்வளவா இருந்தாலும் பரவாயில்லை.”

கடையிலேயே விலை கூடிய மெத்தை. கடைக்காரருடைய கண் தானாகவே பில் புத்தகத்துக்குப் போனது. அங்கிருந்து நாற்காலிக்குப் போனது. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. ஆனால் சட்டம் என்றால் சட்டம். மிட்டாய் கரைந்துவிட்டது, ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“எப்பலருந்து தம்பி தூக்கம் வரல?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு மிட்டாயைப் போட்டு வாயை மூடிக்கொண்டார்.

வந்தவர் அவர் மேலே பேசுவார் என்று காத்திருந்தார். பேச்சு வரவில்லை. அந்த இடைவெளியில் அவரே மெல்ல ஆரம்பித்தார்.

“போன மாசத்திலருந்துங்க. நான் பேக்கரி வெச்சிருக்கேன். வாத்தியார் இல்லைங்க, இது மைதா. ராத்திரி முழுக்க அடுப்புகிட்ட நிப்பேன், விடிஞ்சு வீட்டுக்கு வந்து படுப்பேன். எங்க மாமியார் எங்ககூடத்தான் இருந்தாங்க. பேச்சுன்னா அப்படி ஒரு பேச்சு. உங்களை மாதிரி... தப்பா எடுத்துக்காதீங்க.”

கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை என்று தலையை ஆட்டினார்.

“காய் நறுக்கும்போது கத்தியைத் திட்டுவாங்க. குக்கரைத் திட்டுவாங்க. போன்ல அவங்க தங்கச்சிகிட்ட என்னைத் திட்டுவாங்க, நான் அடுத்த ரூம்ல படுத்திருக்கறது தெரிஞ்சே. மதியம் வரைக்கும் ஓயாது. பகல்ல தூங்கறவனுக்கு அமைதி வேணும்னு நானேதான் மச்சான் வீட்டுல கொண்டுபோய் விட்டேன். இப்ப வீடு கப்சிப்னு இருக்கு. மனைவி வேலைக்குப் போயிடறா, பசங்க ஸ்கூலுக்குப் போயிடறாங்க. கண்ணை மூடினா குழாய் சொட்டறது கேக்குது. பொட்டுத் தூக்கம் இல்லை. ரேடியோ போட்டுப் பாத்தேன். அது யாரையோ பாத்துப் பேசுது. மெத்தைதான் பழசாயிடுச்சு போலன்னு இங்க வந்தேன். வந்து படுத்தேன், நீங்க உங்க நாற்காலியைப் பத்திச் சொல்லிட்டே இருந்தீங்க. கண்ணைச் சொருகிடுச்சு.”

அவர் முடித்துவிட்டார். மிட்டாய் இன்னும் கொஞ்சம் இருந்தது. கடைக்காரர் அதைக் கடிக்கவில்லை. பில் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ‘இதோ கட்டித் தரேன்’ என்றால் போதும். இன்று மாலையே மெத்தை அவர் வீட்டுக்குப் போய்விடும். நாளைக் காலை அவர் அதன் மேல் படுத்துக்கொண்டு குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மிட்டாய் கரைந்தது.

“மெத்தை வேண்டாம் தம்பி,” என்றார் கடைக்காரர். “மாமியாரைக் கூட்டிட்டு வாங்க.”

வந்தவர் அவரையே பார்த்தார். பிறகு மெத்தையைப் பார்த்தார். சிரிப்பா, வெட்கமா என்று தெரியாமல் முகம் ஒரு மாதிரி ஆனது.

“வருவாங்களான்னு தெரியலைங்க. கோவமா இருக்காங்க. போன் பண்ணினா, நான் காரணம் சொல்ல ஆரம்பிச்சதும் வெச்சுடறாங்க.”

“காரணம் சொல்லாதீங்க. அவங்க பேசட்டும். திட்டுவாங்க, திட்டட்டும். நடுவுல பூந்து பேசாதீங்க.” டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி மிட்டாயை அள்ளி அவர் சட்டைப் பையில் போட்டார். “போன் எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை வாயில போட்டுக்கங்க. கடிச்சுடாதீங்க. பல்லு போயிடும்.”

பேக்கரிக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி, “அவங்க வர்ற வரைக்கும் நான் தினம் ஒரு மணி நேரம் இங்க வந்து படுத்துக்கலாமாய்யா? நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருங்க,” என்றார்.

“நாளைக்கு நான் குடோன்ல இருப்பேன். அங்க வாங்க,” என்றார் கடைக்காரர்.

அவர் படியிறங்கவும் மகள் படியேறவும் சரியாக இருந்தது. கையில் சாவிக்கொத்து, கக்கத்தில் சுருட்டிய வண்ண அட்டை. வெறுங்கையோடு போகிறவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பா ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மெத்தையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, இவரும் வாங்கலையா?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

அவள் காத்திருந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் நீளமாக ஒரு கதை வரும். வரவில்லை.

“அப்பா? பல்லு வலியா?”

இல்லை.

“நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? தண்ணி தரட்டுமா? என்னப்பா, பயமா இருக்கு. ஏதாவது பேசுங்களேன்.”

அவர் வாயைச் சுட்டிக்காட்டினார். மிட்டாயைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக் காட்டினார். மகளுக்குப் புரிந்தது. நம்ப முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த வாய்ப்பு மறுபடி வருமா என்பது போல் அவசரமாகப் பேச ஆரம்பித்தாள்.

“சரி, அப்ப நான் சொல்லிடறேன். முன்தெருவைத் தோண்டறாங்கப்பா, நாளையிலருந்து. ஆறு மாசம் ஆகுமாம். வாசல்ல வண்டி வராது, ஆளு நடக்க முடியாது. அதான் குடோனோட பின்பக்க ஷட்டரைத் திறந்து, கடையையே அந்தத் தெருப்பக்கம் திருப்பிடலாம்னு ஏற்பாடு பண்றேன். இனிமே அது கடை, இது குடோன். முதல்ல உங்க நாற்காலியைப் போட்டுட்டு, அது எங்க வருதுன்னு பாத்துத்தான் கட்டிலை வரிசை பண்ணணும். உள்ள வந்ததும் உங்க முகம் தெரியணும் இல்லையா? பழைய ஆளுங்க உங்களைப் பாத்துத்தானே கடையைக் கண்டுபிடிப்பாங்க. இங்கயே உக்காந்திருந்தீங்கன்னா ஆறு மாசமும் பள்ளத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். போர்டுக்கு எந்தக் கலர்னு உங்களைக் கேக்கணும்னு அட்டை வாங்கிட்டு வந்திருக்கேன். அவ்வளவுதான்ப்பா.”

அவள் முடித்தாள். மிட்டாய் முடியவில்லை. அது கரையும் வரை கடைக்காரர் தூணையும் சங்கிலியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை முன்னாடியே ஏன் சொல்லல?” என்று தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“சொன்னேனே. சாப்பாட்டு மேஜையில சொன்னேன். மாடிப்படியில சொன்னேன். குளியலறைக் கதவுகிட்ட நின்னு போர்டு கலர் வரைக்கும் சொன்னேன்.”

“குழாய் ஓடிக்கிட்டு இருந்தது,” என்றார் அவர். சற்று யோசித்துவிட்டு, “நான்தான் திறந்துவிட்டேன்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

டப்பாவைக் கவிழ்த்தார். மிச்சமிருந்த மிட்டாய்களோடு சாவியும் மேஜையில் விழுந்தது. குனிந்து பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார்.

“இது எதுக்குப்பா?”

“திருட்டு பயம்.”

ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குடோன் கதவைத் தாண்டினார்கள். புது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் நிறைய இடம் ஒழித்து வைத்திருந்தாள். ஷட்டர் அருகில் நாற்காலியை இறக்கும்போது மகள் கேட்டாள்:

“சட்டையில சாக்பீஸ் தூளோட போனாரே, அந்த வாத்தியாருக்கு எந்த மெத்தையும் பிடிக்கலையா?”

“அவர் வாத்தியார் இல்லை. பேக்கரிக்காரர். ராத்திரி வேலை, பகல்ல தூக்கம். மாமியாரை மச்சான் வீட்டுல கொண்டுபோய் விட்டதிலருந்து வீடு அமைதியாப் போச்சு, தூக்கம் போச்சு. அந்த அம்மாவுக்கு இவர் மேல கோவம். இன்னிக்கு போன் பண்ணுவார்.”

மகள் நாற்காலியின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவர்தான் சொன்னார்.”

“அவர் சொன்னாரா?” என்றாள் மகள். “நீங்க இருக்கும்போதேவா?”